சலவை இயந்திரத்தின் வடிகளைக் கழுவுவோம்

நெல்லியடியில் ஓர் ஒழுங்கைக்குள், ஒரே வளவில், மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. மூன்றும் வலிகாமம் வடக்கில் தோட்டம் செய்த குடும்பங்கள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் செம்மண் காணிகளை விட்டு வெளிக்கிட்டவர்களும், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளுமாகப் பதின்மூன்று பேர். மூன்று வீட்டுக்கும் கிணறு ஒன்று, தண்ணீர்த் தாங்கி ஒன்று, சலவை இயந்திரமும் ஒன்று. இயந்திரம் சுவிஸில் இருக்கும் மூத்த மகள் காசு அனுப்பி வாங்கிக் கொடுத்தது. முன்பக்கம் கதவுள்ள வகை.

ஒரு நாள் நாம் வேறொரு விடயமாக அங்கே போனபோது கிணற்றடியில் உடுப்புக் குவியலுக்கு நடுவே அந்த வீட்டு அம்மா குந்தியிருந்து தோய்த்துக்கொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கியவர். மெசினுக்கு என்ன நடந்தது என்று கேட்டோம்.

“அது பிழைச்சுப் போச்சு பாதர். தண்ணி இழுக்குதில்லை. உள்ளுக்கை இருக்கிற போட் எரிஞ்சிட்டுதாம், நாப்பதாயிரம் முடியுமெண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். மகளுக்குச் சொல்ல மனமில்லை. அவளும் அங்கை கஷ்டப்பட்டுத்தானே உழைக்கிறாள்.”

இயந்திரத்தின் பின்னால் உள்ள தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். குழாய் பொருந்துகிற வாயில் ஒரு ரூபாக் குற்றியளவில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வடி இருக்கிறது. அதன் கண்களெல்லாம் அடைத்து, வெள்ளைச் சுண்ணாம்பும் மண்ணுமாக ஒரு பணியாரம் போல இறுகியிருந்தது. அதை மெதுவாக இழுத்தெடுத்து ஒரு தேசிக்காயைப் பிழிந்த சாற்றில் ஊறவிட்டோம். அரை மணித்தியாலத்தின் பின் பழைய பல் பிறஸால் தேய்த்துக் கழுவிப் பூட்டியதும் இயந்திரம் தண்ணீர் இழுத்தது. போட் எரிந்திருக்கவில்லை. அந்தத் திருத்துனர் வேண்டுமென்று பொய் சொன்னாரா, அல்லது திறந்து பார்க்காமலே ஊகித்தாரா என்பதை நாம் தீர்ப்பிடப் போவதில்லை.

எம்மை யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த வீட்டு ஐயா நாற்பது வருடமாக நீரிறைக்கும் இயந்திரத்தோடு பழகியவர். தண்ணீர் குறைவாக வந்தால் புட்வால்வை மேலே இழுத்து, அதன் சல்லடையில் பிடித்த பாசியையும் மண்ணையும் தட்டிவிட்டு மறுபடி இறக்கத் தெரிந்தவர். மருந்தடிக்கும் கருவியின் வாய் அடைத்தால் வரம்பிலேயே இருந்து கழற்றி ஊதிச் சரிசெய்பவர். அதே கைகள் வீட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பெட்டியைத் தொடப் பயந்தன. “வெளிநாட்டுக் காசிலை வந்த சாமான், நாங்கள் தொட்டுக் கெடுத்துப்போட்டால்?” என்பது அவருடைய பதில். இடம்பெயர்ந்து இரவல் வளவில் இருப்பவர்களுக்கு இப்படியொரு தயக்கம் வந்துவிடுகிறது. ஆனால் தோட்டக் கிணற்றுப் புட்வால்வின் சல்லடை செய்யும் வேலையைத்தான் இந்த வடியும் செய்கிறது. அதைக் கழுவத் தெரிந்தவருக்கு இதையும் கழுவத் தெரியும்.

எமது மண்ணில் இந்த அடைப்பு ஏன் விரைவாக வருகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நம்பியிருந்ததும் இந்தக் கல்லைத்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு சற்று அமிலத்தன்மை அடைகிறது. அந்த நீர் கல்லைக் கரைத்துக் கல்சியத்தையும் மகனீசியத்தையும் சுமந்தபடி கிணற்றுக்கு வருகிறது. இப்படிப்பட்ட நீரைப் பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்திருப்போம். அதைச் சூடாக்கினால் கரைந்திருந்த கல்சியம் மறுபடி கல்லாகிப் படியும். கேத்திலின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான். தண்ணீர் நின்று காயும் இடங்களிலும், குழாயின் வாயிலும், வடியின் கண்களிலும் இதே படிவு மெல்ல மெல்ல ஏறும்.

வன்னீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. நுரைப்பதற்குப் பதிலாகக் கல்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிறத் திரளையாகிவிடும். 1990களில் மின்சாரமும் இல்லாமல், சவர்க்காரம் கிடைப்பதும் அரிதாகிப் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்களுக்கு இந்தத் தண்ணீரின் குணத்தை நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இன்று அதே திரளை உடுப்பிலிருந்து வரும் பஞ்சோடு சேர்ந்து இயந்திரத்தின் அடிவடியில் களியாக இறுகுகிறது. நுரைக்கவில்லையே என்று தூளை அள்ளிப் போடுவதால் களி இன்னும் கூடும். முன்கதவு இயந்திரத்துக்கு, கையால் தோய்ப்பதற்கென்று விற்கும் தூள் கூடாது. அது நுரைத்துத் தள்ளும். இயந்திரத்துக்கென்று விற்கும் தூளை, பெட்டியில் வன்னீருக்கென்று போட்டிருக்கும் அளவில் பாவிக்கவேண்டும்.

ஒரு சலவை இயந்திரத்தில் வடி ஒன்றல்ல. தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒன்று இருக்கிறது. சில இயந்திரங்களில் குழாயின் மறுமுனையிலும் ஒன்று இருக்கும். மேற்கதவு இயந்திரங்களிலும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களிலும் தொட்டிக்குள் பஞ்சு பிடிக்கும் சிறு பை அல்லது கூடு இருக்கும். முன்கதவு இயந்திரத்தில் கீழே, பெரும்பாலும் வலப்பக்க மூலையில், சின்ன மூடிக்குப் பின்னால் அடிவடி இருக்கும். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பிக்குக் காவல் அதுதான்.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றிவிடுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. ஈரத் தரையில், ஈரக் கையோடு செய்யும் வேலை இது. அடுத்ததாகத் தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள்.

வாயில் வடியைக் கழற்றும்போது ஒரு வாளியைக் கீழே வைத்துக்கொண்டு குழாயின் சுரையைக் கையால் இடப்பக்கம் திருகுங்கள். வடியின் நடுவில் பிடிப்பதற்கு ஒரு சிறு முனை இருக்கும். அதைச் சின்னக் குறட்டால் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நெளித்து இழுத்தால் விளிம்பு உடைந்துவிடும். மண் மட்டும் என்றால் ஓடும் தண்ணீரில் பின்பக்கமாகப் பிடித்துக் கழுவினாலே போகும். வெள்ளைப் படிவு இருந்தால் தேசிக்காய்ச் சாற்றில் அல்லது வினாகிரியில் ஊறவிடுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை எடுக்கவேண்டாம். அது றப்பரையும் உலோகத்தையும் தின்னும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: வெளிற்றும் குளோரின் திரவத்தோடு வினாகிரியையோ, தேசிக்காயையோ, வேறெந்த அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இந்த வடி அடிக்கடி அடைக்கிறதே என்று சிலர் அதை எடுத்தெறிந்துவிட்டுக் குழாயைப் பூட்டிவிடுகிறார்கள். நாமும் ஒருமுறை அந்த மடத்தனத்தைச் செய்தோம். இரண்டு கிழமை எல்லாம் நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் எழும்பிப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். தண்ணீரைத் திறந்து மூடும் வால்வில் உள்ள மெல்லிய றப்பர்த் தட்டில் ஒரு மணல் பருக்கை சிக்கி, வால்வு முழுதாக மூடாமல் இரவு முழுவதும் சொட்டியிருந்தது. மின்சாரம் நிறுத்தியிருந்தும் தண்ணீர் நிற்கவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்தவுடன் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவதைப் பழக்கமாக்கிக்கொண்டோம். வடியையும் புதிதாக வாங்கிப் போட்டோம்.

வடியைக் கழுவியும் தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது என்றால் தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். பல இயந்திரங்களின் கைநூல்களில் ஆகக் குறைந்த நீரமுக்கம் 0.05 மெகாபஸ்கால் என்று போட்டிருக்கும். தாங்கியில் உள்ள நீர்மட்டம் இயந்திரத்தின் வாயிலைவிட ஏறத்தாழ 5 மீற்றர், அதாவது பதினாறு பதினேழு அடி, உயரத்தில் நிற்கவேண்டும் என்பதே அதன் பொருள். எமது வளவுகளில் தாங்கியைப் பத்துப் பன்னிரண்டு அடியில் வைத்துவிடுகிறோம். அமுக்கம் ஏற்கனவே மட்டுமட்டு. அங்கே வடி கால்வாசி அடைத்தாலே இயந்திரம் தண்ணீர் இல்லையென்று நின்றுவிடும். எல்.ஜி. இயந்திரத்தில் அப்போது ‘ஐ.ஈ.’ என்ற எழுத்துகள் தெரியும். சாம்சுங்கில் ‘4 சி’ அல்லது ‘4 ஈ’ தெரியும். இவற்றைக் கண்டவுடன் திருத்துனருக்குக் காசு கொடுக்காமல் முதலில் வடியைக் கழற்றிப் பாருங்கள். ‘ஓ.ஈ.’ என்றோ ‘5 சி’, ‘5 ஈ’ என்றோ வந்தால் தண்ணீர் வெளியே போகவில்லை என்று பொருள். அப்போது பார்க்கவேண்டியது அடிவடியை.

அடிவடியில்தான் ஆட்கள் அதிகம் தவறு விடுகிறார்கள். அதைத் திருகினால் உள்ளே தேங்கிய தண்ணீர் முழுவதும் வெளியே பாயும். சூடான தண்ணீரில் தோய்த்திருந்தால் கையையும் காலையும் அவித்துவிடும். ஆறும்வரை பொறுத்திருங்கள். சின்ன மூடியைத் திறந்தால் பல இயந்திரங்களில் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய் சுருண்டிருக்கும். அதன் நுனியை ஒரு தட்டமான சட்டிக்குள் விட்டு, அடைப்பானை இழுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். சட்டி நிறைய நிறைய அடைப்பானைப் பூட்டி ஊற்றிவிட்டு வாருங்கள். நான்கைந்து சட்டி வரலாம். குழாய் இல்லாத இயந்திரமென்றால் பழைய துணிகளைக் கீழே பரப்பி, வடியைக் கால் சுற்று மட்டும் இளக்கி, கசியவிட்டுக் கசியவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

வடியைக் கழற்றினால் வெளியே வரும் சாமான்களைப் பார்த்துச் சிரிப்பு வரும். மேலே சொன்ன வீட்டில் பத்து ரூபாக் குற்றி இரண்டு, ஊசி ஒன்று, குழந்தையின் காலுறை ஒன்று, ஒரு கைப்பிடி தலைமயிர். பஞ்சைக் கையால் எடுத்து, பிறஸால் தேய்த்துக் கழுவுங்கள். வடி இருந்த குழிக்குள்ளும் ரோச் அடித்துப் பாருங்கள். உள்ளே பம்பியின் சிறு விசிறி தெரியும். ஒரு குச்சியால் மெல்லத் தட்டினால் அது விட்டுவிட்டுச் சுற்றவேண்டும். அதில் நூலோ மயிரோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். கை விரலை விடவேண்டாம். ஊசி இருக்கலாம். பிறகு புரி சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து, வடியைக் கையால் இறுகப் பூட்டுங்கள். சாவியோ குறடோ போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்ற முடியாது. கடைசியாக உடுப்பில்லாமல் ஒரு சிறிய அலசல் ஓடவிட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள்.

அடிவடியை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். தோட்ட மண் பிடித்த உடுப்புகள் அதிகமென்றால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மண்ணை முதலில் உதறி, கிணற்றடியில் ஒருமுறை அலசிவிட்டுப் போட்டால் பாதிக் கரைச்சல் இல்லை. பஞ்சுப் பையை ஒவ்வொரு தோய்ப்பின் பின்னும் புறமுரித்துக் கழுவிக் காயவிடவேண்டும். வாயில் வடிக்கு இரண்டு மூன்று மாதம் கணக்கு. ஆனால் எமது பகுதியில் நாட்காட்டியைவிடக் கிணற்றைப் பார்ப்பதே நல்லது. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கிப் புட்வால்வு அடிமண்ணை இழுக்கும் நாட்களிலும், மாரி தொடங்கிக் கிணறு கலங்கும் நாட்களிலும் வடி விரைவில் அடைக்கும். புட்வால்வை அடியிலிருந்து இரண்டடியாவது உயர்த்திக் கட்டுங்கள். தாங்கியின் அடியில் சேரும் மண்டியை வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தாங்கி கழுவும் வீட்டை நாம் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறோம்.

இந்த வேலை யாருடையது என்ற கேள்வியும் உண்டு. தோய்ப்பது பெண்களின் வேலை, ஆகவே வடி கழுவுவதும் அவர்களுடையது என்று பல வீடுகளில் எண்ணுகிறார்கள். குனிந்து, நிலத்தில் படுத்துப் பார்த்து, குறடு பிடித்துச் செய்யும் வேலையை எழுபது வயது அம்மாவுக்கு விட்டுவிட்டு வாசலில் பேப்பர் படிக்கும் ஆண்பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

வடியில் சேர்ந்த பஞ்சை எங்கே போடுவது? பருத்தி மட்டுமென்றால் மண்ணுக்குள் உக்கிவிடும். இன்றைய உடுப்புகளில் பொலியஸ்ரர் கலக்காதவை குறைவு. அது பிளாஸ்ரிக், உக்காது. ஆகவே பஞ்சைப் பசளைக் குழிக்குள்ளும் கிணற்றடி வாய்க்காலுக்குள்ளும் போடாமல் குப்பையோடு சேருங்கள். வடியிலும் பிடிபடாத நுண்ணிய இழைகள் தண்ணீரோடு போய்க் கடலைச் சேர்வதைப் பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். பிரான்ஸ் 2020 இல் இயற்றிய சட்டமொன்றில், 2025 முதல் விற்கும் புதிய சலவை இயந்திரங்களில் அந்த நுண்ணிழைகளைப் பிடிக்கும் வடி இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எமக்குக் கடல்வரை போகத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் உண்டு. வளவில் ஊற்றியது வெகுவிரைவில் கிணற்றுக்கே திரும்பி வரலாம். சலவைத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி, வாழைக்கோ தென்னைக்கோ போகும்படி வாய்க்கால் வெட்டுங்கள். எங்கள் அப்பு ஆச்சிமார் கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு விட்டதும் இப்படித்தான். ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி விடவேண்டும், ஏனெனில் தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்யும். கீரைப் பாத்திக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு எமது அபிப்பிராயம் ஒன்றுண்டு. உயரத் தாங்கி இல்லாத, கிணறும் வாளியுமாக இருக்கும் வீட்டுக்கு இரட்டைத் தொட்டி இயந்திரமே பொருத்தம். வாளியால் ஊற்றலாம், அமுக்கம் தேவையில்லை, மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையும் விடலாம். மழைநீரில் சுண்ணாம்பு இல்லாதபடியால் தூளும் குறைவாகவே செல்லும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்கள் பாவிப்பதைப்போல முன்கதவு இயந்திரத்தையே வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். அன்பால்தான். வாங்குவதற்கு முன் தாங்கி எத்தனை அடியில் நிற்கிறது என்று ஒரு தரம் கேட்டால் நல்லது.

அந்த ஒழுங்கை வீட்டாரில் ஒரு குடும்பம் இப்போது தங்கள் காணிக்குத் திரும்ப ஆயத்தமாகிறது. இயந்திரம் அவர்களோடு போகிறது. லாண்ட்மாஸ்டரில் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டியதை ஐயாவுக்குச் சொன்னோம். அடிவடியைத் திறந்து தேங்கிய தண்ணீரை முழுவதும் வடித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் வழியில் அது மின்பகுதிகளுக்குள் சிந்தும். இயந்திரத்தைச் சரித்துக் கிடத்தாமல் நிமிர்த்தியே கட்டவேண்டும். வாங்கிய அன்று உள்தொட்டி ஆடாதபடி பின்பக்கத்தில் நீண்ட ஆணிகள் மூன்று நான்கு பூட்டியிருந்திருக்கும். பயணத்துக்கு முன் அவற்றை மறுபடி பூட்டவேண்டும். போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட்டுத்தான் இயக்கவேண்டும். ஆணிகள் எங்கே என்று ஐயாவுக்கு நினைவில்லை. அம்மா உள்ளே போய், குசினி றாக்கையில் இருந்த பழைய பிஸ்கற் ரின்னை எடுத்து வந்து திறந்தார். நான்கும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, கைநூலோடு சேர்த்துப் பத்திரமாக இருந்தன.